மலை மேல் பழைய ரிப்பீட்டர்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

கையடக்கமான ஒரு ஹாம் (அமெச்சூர்) ரேடியோவை வைத்துக்கொண்டு தரையில் நின்று பேசினால் சில கிலோமீட்டரைத் தாண்டுவதே பெரிய காரியம். அந்தப் பேச்சை மலையுச்சியில் வாங்கி, அதே நொடியில் வேறொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும் கருவிதான் ரிப்பீட்டர். அமெரிக்காவில் இவற்றைப் பெரும்பாலும் ஹாம் சங்கங்கள்தான் தங்கள் கைக்காசில் நடத்துகின்றன. 1970-களில் வந்த ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மாஸ்டர் II, மோட்டரோலாவின் மைகார் போன்ற பெட்டிகள் இன்றும் பல மலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. போலீசுக்கும் தீயணைப்புத் துறைக்கும் உழைத்து, அங்கே ஓய்வு பெற்ற பிறகு ஹாம்களிடம் வந்து சேர்ந்தவை அவை. இவற்றை இன்னும் எத்தனை காலம் இழுத்துப் பிடிப்பது, புதிது வாங்கிவிட்டால் என்ன?

பதில் சொல்வதற்கு முன், இந்தப் பெட்டி செய்யும் வேலை எவ்வளவு கடினமானது என்று பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் பிரபலமான ஒரு ஜோடி அலைவரிசையை எடுத்துக்கொள்வோம். ரிப்பீட்டர் 146.34 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது, 146.94-இல் பேசுகிறது. இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். பெரும்பாலும் இரண்டுக்கும் ஆண்டெனா ஒன்றே. வெளியே போவது 100 வாட் என்றால், உள்ளே வரும் மெல்லிய சிக்னல் அதில் சுமார் 800 கோடி கோடியில் ஒரு பங்குதான். காதருகே தாரை தப்பட்டை முழங்கும்போது தெருக்கோடியில் யாரோ கிசுகிசுப்பதைக் கேட்டுச் சொல்வது போன்ற வேலை. டூப்ளெக்சர் என்ற உலோகக் குழாய்த் தொகுதி இரண்டையும் பிரித்துவைக்கிறது. ஆனால் முழுப் பாரத்தையும் அதன் தலையில் சுமத்த முடியாது. டிரான்ஸ்மிட்டர் சுத்தமாக இருக்க வேண்டும், ரிசீவர் அந்நியச் சிக்னல்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

பழைய பெட்டிகள் ஜெயிப்பது இங்கேதான். அவற்றின் ரிசீவர் முகப்பில் ஹெலிகல் ரெசொனேட்டர் எனப்படும் சுருள் அறைகள் வரிசையாக இருக்கும். குறிப்பிட்ட அலைவரிசைக்கு இசைத்துவிட்டால் மற்றதைப் பெரிதும் தடுத்துவிடும். மலையுச்சியில் எஃப்.எம். நிலையமும் பேஜிங் டிரான்ஸ்மிட்டரும் பக்கத்திலேயே நின்று முழங்கும்போது இந்தத் தடுப்பின் அருமை தெரியும். இன்றைய மலிவான ரிப்பீட்டர்களில் பல, காரில் பொருத்தும் ஹாம் ரேடியோ இரண்டை ஒரே பெட்டியில் சேர்த்த அமைப்புதான். கார் ரேடியோ 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் கேட்கும்படி வாசலை அகலத் திறந்துவைத்திருக்கும். காரில் அது வசதி, மலையில் அது தொல்லை. நிமிடக்கணக்கில் தொடர்ந்து பேசவைத்தால் சூடேறிப் பவரைக் குறைத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. சிக்னல் இல்லாதபோது இரைச்சல் கேட்காமல் ஒலியை மூடிவைக்கும் மைகாரின் ஸ்க்வெல்ச் சர்க்யூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலமான சிக்னல் நின்றால் இரைச்சலே இல்லாமல் சட்டென்று மூடும். பலவீனமான சிக்னல் விட்டுவிட்டு வந்தால் சற்றுப் பொறுத்திருந்து மூடும். அதைக் கேட்டுப் பழகியவர்களுக்குப் புதுப் பெட்டியின் ‘கிர்ர்’ எரிச்சலூட்டுவதில் வியப்பில்லை.

பழைய பெட்டிக்கும் வயதாகிறது. முதலில் போவது எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். உள்ளிருக்கும் ஈரம் உலர்ந்துவிடும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. இவற்றை மாற்றுவது ஒரு மாலை நேர வேலை, செலவும் சொற்பம். பவர் சப்ளையில் இருக்கும் பெரோரெசொனன்ட் டிரான்ஸ்ஃபார்மர் சும்மா இருக்கும்போதும் சூடாகி, உறுமி, மின்சாரத்தைத் தின்னும். அதைக் கழற்றிவிட்டு நல்ல புதிய சப்ளை ஒன்றும் பேட்டரியும் வைப்பதில் எந்த மனத்தாங்கலும் தேவையில்லை.

கிரிஸ்டல்தான் தலைவலி. இந்தப் பெட்டிகளில் அலைவரிசையை நிர்ணயிப்பது அதுதான், ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனியாக வெட்டிய கிரிஸ்டல் வேண்டும். அப்படி வெட்டித் தந்துகொண்டிருந்த ஓக்லஹோமா நகரத்தின் இன்டர்நேஷனல் கிரிஸ்டல் நிறுவனம் 2017-இல் மூடப்பட்டது. கிரிஸ்டலுக்குப் பதிலாக, வேண்டிய அலைவரிசையை மின்னணு முறையில் உருவாக்கும் சிறிய சின்தசைசர் பலகையைப் பொருத்தலாம். ஆனால் மட்டமான பலகை போட்டால் டிரான்ஸ்மிட்டரின் சுத்தம் கெட்டு, பெட்டியை வைத்திருந்ததன் காரணமே போய்விடும். பவர் டிரான்ஸிஸ்டர்களும் அப்படியே. பல வகைகளின் தயாரிப்பு நின்றுவிட்டது, சந்தையில் போலியும் புழங்குகிறது. இதற்கு ஒரே வழி, இன்னொரு செத்த பெட்டியை உதிரிக்காக வாங்கிவைப்பது. உதிரி சேர்க்க நல்ல வாய்ப்பு ஒன்றும் வந்தது. 2013 ஜனவரி 1 முதல் அமெரிக்க அரசு வணிக, அரசுத் துறை ரேடியோக்களை 25-இலிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குக் குறுக்கச் சொன்னது. ஹாம்களுக்கு அந்த விதி பொருந்தாது. அதனால் அந்தத் துறைகள் கழித்துவிட்ட நல்ல கருவிகள் அவர்களுக்குச் சகாய விலையில் குவிந்தன. அப்போது சேர்த்துவைத்தவர்கள் இன்று கவலையில்லாமல் இருக்கிறார்கள்.

வியப்பான விஷயம், மிகப் பழைய பெட்டியைக் காப்பாற்றுவதுதான் சுலபம். கஷ்டம் 1980, 90-களில் வந்தவற்றில். மாஸ்டர் II-ஐத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும். கையேட்டில் முழு சர்க்யூட் படமும் இருக்கும். அடுத்த தலைமுறைப் பெட்டிகளில் நினைவகச் சிப்புகள், அவற்றுக்கென்றே எழுதிய புரோகிராம், நினைவைத் தாங்க ஒரு சின்ன பேட்டரி என்று வந்துவிட்டன. பேட்டரி தீர்ந்தால் அமைப்புகள் எல்லாம் அழியும். திரும்ப ஏற்ற டாஸ் ஓடும் பழைய கணினி வேண்டும், அதுவும் மெதுவான கணினியாக இருக்க வேண்டும். வேகமான கணினியில் அந்த மென்பொருள்கள் சில தடுமாறும். சின்னச் சிப்பு ஒன்று போனாலும் சில நேரம் பெட்டி முழுவதும் போன மாதிரிதான். ஒரு சங்கம் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் இந்த நடுவயதுப் பெட்டிகளிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

மாற்ற முடிவெடுக்கும் முன் வெளியே ஒரு பார்வை பார்க்க வேண்டும். ‘ரிப்பீட்டர் முன்போல் கேட்கவில்லை’ என்ற புகாருக்குப் பல நேரம் பெட்டி காரணமே இல்லை. கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கும். கனெக்டர் பச்சை பிடித்திருக்கும். ஃபைபர்கிளாஸ் ஆண்டெனாவுக்குள் ஒரு இணைப்பு விட்டுப்போய், காற்றடிக்கும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வரும். புதுப் பெட்டி வாங்கி இதே கேபிளில் மாட்டினால் அதே கரகரப்பு புது விலையில் கேட்கும். எளிய சோதனை ஒன்று உண்டு. முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆண்டெனாவிலிருந்து பிரித்து, ஆண்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடில் ஓடவிடுங்கள், பிறகு ஆண்டெனாவிலேயே ஓடவிடுங்கள். இரண்டு முறையும் ரிசீவர் எவ்வளவு மெல்லிய சிக்னலைக் கேட்கிறது என்று அளந்து பாருங்கள். ஆண்டெனாவில் மட்டும் காது மந்தமானால் கோளாறு கேபிளிலோ டூப்ளெக்சரிலோ ஆண்டெனாவிலோ இருக்கிறது.

அடுத்தது ஆள். பழைய பெட்டியை இசைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது என்றால், அந்த ரிப்பீட்டரின் ஆயுள் அவரால் மலையேற முடியும் வரைதான். புதிதாக ஒருவரைக் கூடவே நிறுத்திப் பழக்க முடியாவிட்டால் தயங்காமல் மாற்றிவிடலாம். திறமையான பெட்டி ஊமையாகக் கிடப்பதைவிடச் சுமாரான பெட்டி பேசுவது மேல்.

டிஜிட்டல் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. டி-ஸ்டார், டிஎம்ஆர், யேசு நிறுவனத்தின் ஃப்யூஷன் என ஒன்றோடொன்று ஒத்துப்போகாத முறைகள் இருக்கின்றன. ஃப்யூஷன் பரவுவதற்காக யேசு தன் ரிப்பீட்டர்களைச் சங்கங்களுக்குச் சலுகை விலையில் கொடுத்தது, பல சங்கங்கள் அந்த விலைக்காகவே மாறின. உறுப்பினர்களின் கையில் என்ன ரேடியோ இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. எம்எம்டிவிஎம் என்ற சிறு பலகையைப் பழைய பெட்டியோடு இணைத்தும் டிஜிட்டலுக்குப் போகலாம். ஆனால் டிரான்ஸ்மிட்டர் உண்மையான எஃப்.எம். முறையில் இயங்க வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஃபேஸ் மாடுலேஷன். குரலுக்கு அது போதும், டிஜிட்டல் துடிப்புகளைச் சிதைத்துவிடும்.

மாற்றுவதென்றே முடிவானாலும் பழையதை உடனே விற்றுவிட வேண்டாம். டூப்ளெக்சரிலிருந்து வரும் கனெக்டர்கள் இரண்டுக்கும் பொருந்தும்படி அமைத்துக்கொண்டு, குறைந்தது ஒரு இடி மழைக் காலம் முழுவதும் அதைத் தயாராக வைத்திருங்கள். கார் ரேடியோவிலிருந்து பிறந்த ரிசீவர் அந்த மலையின் இரைச்சலைத் தாங்குகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.