தெரு உயர்ந்தால் வீடு தாழும்!

சென்னையின் பழைய தெருக்களில் ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம்.

வீட்டுக்குள் போகப் படி ஏற வேண்டும். அதுதான் வழக்கம். ஆனால் இங்கே சில வீடுகளுக்குள் படி இறங்கிப் போக வேண்டும்!

வீட்டைக் கட்டியவர் பள்ளத்திலா கட்டினார்? இல்லை. அவர் கட்டியபோது வாசலில் படிகள் இருந்தன. எல்லோரும் ஏறித்தான் போனார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தெருதான் மேலே வந்துவிட்டது!

கணக்குப் பாருங்கள்

தெருவுக்குத் தார் போடும்போது 3 அல்லது 4 சென்டி மீட்டர் கனத்துக்குப் போடுகிறார்கள். 4 சென்டி மீட்டர் என்பது சுமார் ஒன்றரை அங்குலம். பார்வைக்கு இது அற்பம்தான்.

ஆனால் பழைய தாரின் மேலேயே புதிய தாரைப் போட்டால் என்ன ஆகும்? ஐந்து தடவையில் 20 சென்டி மீட்டர். அதாவது, சுமார் 8 அங்குலம். ஒரு படி மறைந்து போயிற்று!

மழை வந்தால்...

தெருவின் நடுப்பகுதியைச் சற்று மேடாகவும், ஓரங்களைத் தாழ்வாகவும் அமைப்பார்கள். நடுவில் விழும் மழைநீர் ஓரத்துக்கு ஓடி, வடிகாலில் விழ வேண்டும் என்பதற்காகத்தான்.

சென்னையோ மேடு பள்ளம் அதிகம் இல்லாத ஊர். தண்ணீர் வேகமாக வடியாது. தெரு வீட்டைவிட உயர்ந்துவிட்டால், அந்தத் தண்ணீர் நேரே வாசலுக்கு வரும்.

நள்ளிரவில் மழை கொட்டுகிறது. வீட்டுக்காரர் அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில் மேல் வைக்கிறார். பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் பரணுக்குப் போகின்றன. விடியும்வரை யாருக்கும் தூக்கம் இல்லை.

வசதி உள்ளவர்கள் அடியில் ஜாக்கிகளை வைத்து, வீட்டையே தூக்கி உயர்த்துகிறார்கள்! அதற்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். வசதி இல்லாதவர்கள் வாசலில் செங்கல் வைத்துத் தடுப்புக் கட்டுகிறார்கள்.

சுரண்டும் எந்திரம்

இதற்கு வழி உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கனத்துக்குப் புதிய தாரைப் போட வேண்டும். இதற்கு "மில்லிங்" என்று பெயர்.

மில்லிங் எந்திரத்தின் அடியில் ஓர் உருளை இருக்கிறது. அதில் வரிசை வரிசையாகக் கூரிய பற்கள். உருளை சுழலச் சுழல, பற்கள் பழைய தாரைக் கொத்தி எடுக்கின்றன. பெயர்த்த தாரும் ஜல்லியும் வீண் அல்ல. பக்குவப்படுத்தி, மீண்டும் சாலை போடப் பயன்படுத்தலாம். பெரிய எந்திரம் நுழைய முடியாத சந்துகளில் சிறிய கருவிகளால் பெயர்க்க வேண்டும்.

2021-ம் ஆண்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, இதை வலியுறுத்தி உத்தரவிட்டார். சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும். சாலையின் மட்டம் உயரக் கூடாது என்பதே அந்த உத்தரவு.

எதிரி யார்?

தார் சாலைக்குப் பெரிய எதிரி தண்ணீர். சிறு விரிசல் வழியே நீர் உள்ளே இறங்கும். ஜல்லியைப் பற்றியிருக்கும் தார் பிடியை விடும். வண்டிச் சக்கரம் ஏற ஏற ஜல்லி பெயரும். பிறகு குழிதான்! விரிசலை உடனே அடைத்தால் தெரு பல ஆண்டு உழைக்கும்.

குடிநீர்க் குழாய், கேபிள் போன்ற வேலைகளையும் தார் போடும் முன்பே முடித்துவிட வேண்டும். புதுச் சாலையைத் தோண்டினால், தோண்டிய இடத்திலேதான் முதலில் பள்ளம் விழும்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் தெருவில் தார் போடப் போகிறார்களா? அதற்கு முன்பே, தெருவில் இருந்து உங்கள் வாசலின் முதல் படி எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்து வையுங்கள். சுரண்டாமல் தார் கொட்டினால் உடனே கேளுங்கள். சென்னையில் வசிப்பவர்கள் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லலாம்.

வேலை முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். படியின் உயரம் அப்படியே இருக்கிறதா? அப்படியானால், தெருவும் நன்றாக இருக்கும். மழை இரவில் உங்கள் பிள்ளைகளும் நிம்மதியாகத் தூங்குவார்கள்!