போகும்போது கூலி, திரும்பும்போது காலி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்றொரு ஊர். ‘உலகின் ஆர்.வி. தலைநகரம்’ என்பது அதன் பட்டப்பெயர். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை என சகல வசதிகளோடு சக்கரத்தின் மேல் நிற்கும் வீடுதான் ஆர்.வி. அந்த நாட்டில் தயாராகும் ஆர்.வி.க்களில் பெரும்பகுதி எல்க்ஹார்ட்டிலும், பக்கத்து ஊர்களான கோஷன், மிடில்பெரியிலும்தான் உருவாகிறது. வாங்குகிறவர்களோ டெக்சாஸ், கலிபோர்னியா, கனடா என்று சிதறிக் கிடக்கிறார்கள். தொழிற்சாலை வாசலில் எடுத்து டீலர் வாசலில் ஒப்படைப்பதற்கென்றே ஓர் ஓட்டுநர் கூட்டம் இருக்கிறது. எண்ணூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பாடி கட்டாத லாரி சேஸிஸை, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் போவார்களே, அவர்களின் அமெரிக்கப் பங்காளிகள்!

எதை ஓட்டுவது?

எஞ்சினோடு வரும் மோட்டார்ஹோம் என்றால் அதையே ஓட்டிப்போய் ஒப்படைக்கலாம். சொந்த லாரி தேவையில்லை. ஆனால், வீடு திரும்பும் வழியை ஓட்டுநர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலர் தங்கள் சின்னக் காரைப் பின்னால் கட்டி இழுத்துப்போய், அதிலேயே திரும்பிவிடுவார்கள்.

எஞ்சின் இல்லாத ட்ரெய்லரை இழுக்க, ஃபோர்டு எஃப்-350, ராம் 3500 மாதிரியான பலமான பிக்கப் வேண்டும். இந்த ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கம்பெனியின் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். வண்டி, டீசல், டயர், வரி எல்லாம் அவரவர் பாடு.

பிக்கப், ட்ரெய்லர் இரண்டின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 26,000 பவுண்டைத் தாண்டி, அதில் ட்ரெய்லரின் எடை மட்டும் 10,000 பவுண்டுக்கு மேல் போனால் வணிக லைசென்ஸ் கட்டாயம். அதற்குக் குறைந்த லோடுகளுக்குச் சாதாரண லைசென்ஸ் போதும் என்பதால், புதியவர்கள் பலர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். மாநிலம் தாண்டி ஓட்டுகிறவர் மருத்துவச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு, அடுத்த 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். மற்ற லாரிகளில் பெரும்பாலானவற்றில் இதைக் கண்காணிக்க மின்னணுக் கருவி கட்டாயம். ஆர்.வி. கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. நேரக் கணக்கைக் கையால் எழுதினாலே போதும். எழுதாமல் இருக்கத்தான் முடியாது.

கணக்கு எங்கே உதைக்கிறது?

பொதுவாக, லோடு இழுக்கும் மைலுக்கு மட்டுமே கூலி. எல்க்ஹார்ட்டிலிருந்து டல்லாஸ் சுமார் 1,000 மைல். உதாரணத்துக்கு, மைலுக்கு 1.80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 1,800 டாலர். ஆனால் வண்டி ஓடுவது போக வர 2,000 மைல். 2025-க்கு அமெரிக்க வருமான வரித்துறை வைத்திருந்த கணக்குப்படி, தொழிலுக்காகக் காரோ பிக்கப்போ ஓட்டினால் மைலுக்கு 70 சென்ட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடிந்தது. டீசல், தேய்மானம், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கணக்கில் செலவே 1,400 டாலர். மிச்சம் 400. போக வர நான்கு நாள் உழைப்புக்கு இதுதான் கூலி. சாப்பாடும் தங்குமிடமும் இதற்குள்ளேதான். பின்னால் முழு வீட்டையே இழுத்துப் போனாலும் அதன் மெத்தையில் படுக்கக் கூடாது, கழிப்பறையைத் தொடக் கூடாது. டீலருக்குப் போவது புத்தம் புதுச் சரக்கு! ஓட்டுநர் பிக்கப் சீட்டிலோ மோட்டலிலோதான் கண்ணயர வேண்டும்.

வழியில் விழும் கீறலும் அவர் தலையில் விடியலாம். அதனால் அனுபவசாலிகள் புறப்படும் முன்பே நான்கு பக்கமும் கூரையும் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். புது ட்ரெய்லரின் சக்கர நட்டுகள் ஓட ஓடத் தளரும். முதல் 50 மைலுக்குள்ளேயே நிறுத்தி, மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். பெரிய ட்ரெய்லர்கள் சுமார் 13 அடி உயரம் வரை நிற்கும். தாழ்ந்த பாலமும் மரக்கிளையும் கூரையிலுள்ள ஏ.சி.யைப் பெயர்த்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, சந்தையின் ஏற்ற இறக்கம். கொரோனா காலத்தில் ஊர் சுற்றும் ஆசை பெருகி, 2021-இல் வட அமெரிக்காவில் 6 லட்சம் ஆர்.வி.க்கள் தொழிற்சாலைகளிலிருந்து புறப்பட்டன. 2023-இல் அது சுமார் 3.13 லட்சம். கிட்டத்தட்ட பாதி லோடு மாயம்! உச்சத்தில் கடன் வாங்கிப் புது பிக்கப் எடுத்தவருக்கு, லோடு குறைந்தாலும் தவணை குறையாது.

ஆகவே, நுழைய விரும்புகிறவர் மைலுக்கு எவ்வளவு கூலி என்பதோடு நிற்காமல், வீட்டிலிருந்து கிளம்பி வீடு வந்து சேரும்வரை மைலுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட வேண்டும். திரும்பும் வழியிலும் லோடு பிடிக்கத் தெரிந்தவருக்கும், கடனில்லாத வண்டி வைத்திருப்பவருக்கும் இது கட்டுப்படியாகும் தொழில். நாடு சுற்றிப் பார்க்கும் ஆசைக்காகக் கடனில் வண்டி எடுப்பவருக்கு, இது செலவு வைக்கும் சுற்றுலா.