கடினநீரும் ஃபிளஷ் தொட்டிப் பழுதும்

ஃபிளஷ் தொட்டி என்பது கழிவறைக் கோப்பையைக் கழுவத் தேவையான நீரைச் சேர்த்து வைத்து, பொத்தானை அழுத்தியதும் ஒரே வீச்சில் இறக்கும் சிறு தொட்டியாகும். அரியலூர் மாவட்டத்திலும் பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலும் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியுள்ள வீடுகளில் இத்தொட்டி பழுதானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்புப் படிவைத்தான்.

காரணம் நிலத்தடியில் உள்ளது. கிரெட்டேசியஸ் காலத்தில் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பியே அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் இயங்குகின்றன. காரை, சாத்தனூர் ஆகிய ஊர்களின் புதைபடிவங்களும் அக்காலத்தவையே. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. அந்நீர் தொட்டியில் தேங்கும்போது வாயு வெளியேறி, கால்சியம் கார்பனேட் மீண்டும் வெள்ளைப் படிவாக ஒட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், மாற்று நீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது.

தொட்டிக்குள் இரண்டு வால்வுகள் உள்ளன. நீரை உள்ளே விடுவது மிதவை வால்வு. கோப்பைக்குள் இறக்குவது அடி வால்வு. ஒழுகுவது எது என்று அறியாமல் இரண்டையும் மாற்றுவது வீண் செலவு. கண்டறியும் வழி எளிது. தொட்டி நிரம்பியதும் ஆங்கிள் காக்கை மூடி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு ஒரு மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விட வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் அடி வால்வின் ரப்பர் வளையத்தில் கோளாறு. மட்டம் அப்படியே இருந்து, காக்கைத் திறந்ததும் நீர் ஏறி வழிகுழாய்க்குள் விழுந்தால் மிதவை வால்வு சரியாக மூடவில்லை. தொட்டி மெதுவாக நிரம்பினால் நுழைவாயில் வலையில் மண்ணோ உப்போ அடைத்திருக்கலாம். தொட்டி நிறைந்தும் வீச்சு குறைவாக இருந்தால் கோப்பை விளிம்பின் அடியிலுள்ள துளைகளைப் பார்க்க வேண்டும்.

சிறு ஒழுக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 10 நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர், அதாவது ஒரு டம்ளர் ஒழுகினால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 லிட்டர். 30 நாளில் 860 லிட்டருக்கு மேல். கோடையில் கிணறு வற்றும் ஊரில் இது பெரிய இழப்பு. மோட்டார் ஓடும் மின்சாரம் தனி.

படிவு பிடித்த வளையத்தையும் வலையையும் கழற்றி, வினிகரிலோ எலுமிச்சை உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரிலோ சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். அப்போது குமிழ்கள் எழும். சுண்ணாம்புக்கல்லை அடையாளம் காண நிலவியலாளர் பாறையில் நீர்த்த அமிலம் விட்டுப் பார்ப்பதும் இதே வேதிவினைதான். விறைத்துப்போன ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். கழிவறை ஆசிட்டைத் தொட்டிக்குள் ஊற்றக்கூடாது. உலோகத் திருகாணிகள் அரிக்கும். ஆசிட்டுடன் பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளிவரும்.

கேம்பர் வேன்களில் பல கழிவறைகளுக்கு மேல்தொட்டி கிடையாது. 12 வோல்ட் சிறு பம்பு நீரைத் தள்ளுகிறது. பொத்தானை அழுத்தியும் சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், பேட்டரி, கம்பி இணைப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பம்பு ஓடும் சத்தம் கேட்டும் நீர் வராவிட்டால் நீர்த்தொட்டி காலியா, குழாயில் காற்று புகுந்துள்ளதா, முனை அடைத்துள்ளதா என்று அந்த வரிசையிலேயே பார்க்கலாம். கடினநீர் நிரப்பி நாள்கணக்கில் நிறுத்திய வண்டிகளில் முனையடைப்புக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், பயணம் முடிந்ததும் நீரை முழுவதும் வடித்துவிடுவது நல்லது.