பயணிகளின் பொதிகளும் பயிர்ப்பீடைகளும்: எல்லைப் பரிசோதனை பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கோ சிட்னிக்கோ பிள்ளைகளைக் காணச் செல்லும் தாயொருவர், தமது பொதியிலே கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள் சிலவற்றையும் ஊர் அரிசியில் ஒரு பையையும் வைத்துக்கொள்வது இன்று நாம் சாதாரணமாகக் காணும் ஒன்றாகும். சென்றிறங்கும் விமான நிலையத்திலே அதிகாரி அவற்றை எடுத்து அழிப்பதற்கெனப் புறம்பாக வைக்கும்போது, அன்பும் உழைப்பும் சேர்ந்த ஒரு பொருள் குப்பையாக மதிக்கப்பட்டதென்ற வேதனையே எஞ்சுகின்றது. பழுதில்லாத பழத்திலே என்ன குற்றம்? அதே நகரத்துக் கடைகளிலே பிறநாட்டு மாம்பழம் விற்கப்படுகின்றதே? இவை நியாயமான வினாக்கள். உயிரியல், பொருளாதாரம் ஆகிய இரு நிலைகளிலும் நின்று இவற்றுக்கு விடைகாண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாவரத் தொற்றுக்காப்பு என்னும் ஏற்பாடு அழிவின் அனுபவத்திலிருந்து பிறந்ததாகும். அமெரிக்காவிலிருந்து கொடித்துண்டங்களுடன் வந்த பிலொக்சரா என்னும் நுண்பூச்சி 1860களிற் பிரான்சின் முந்திரிகைத் தோட்டங்களைச் சூறையாடத் தொடங்கியது. அதனைத் தடுக்கவே 1878இல் ஐரோப்பிய நாடுகள் பேர்ண் நகரிலே தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நமது நாடும் இத்தகைய அழிவினை அறியாததன்று. 1869இல் இலங்கையிலே கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு நோய், ஒரு பங்கசினால் உண்டானது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலையகத்தின் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. தோட்ட முதலாளிகள் தேயிலைக்கு மாறினர். ஆனால் சரிவின் சுமையை முதலிற் சுமந்தோர் வேலையிழந்த தொழிலாளரும் சிறு பயிர்ச்செய்கையாளருமேயாவர். 1924இன் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதனை நீக்கி வந்த 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் இவ்வரலாற்றுப் பின்னணியிலேயே நோக்கத்தக்கவை.

இனி மாம்பழத்துக்கு வருவோம். கீழைத்தேயப் பழ ஈ எனப்படும் பூச்சியின் பெண், பழத்தின் தோலைத் துளைத்து அதன் கீழ் முட்டைகளை இடுகின்றது. துளை ஊசிமுனையளவினது, புறத்தே பழம் குறையற்றதாகவே தோன்றும். வெப்பமான சூழலில் ஓரிரு நாட்களில் முட்டைகள் பொரித்துக் குடம்பிகள் சதையை உண்ணத் தொடங்குகின்றன. முதிர்ந்த குடம்பி பழத்தை விட்டு வெளியேறி மண்ணினுட் கூட்டுப்புழுவாகின்றது. வந்தவர் பழத்தை வெட்டியதும் புழுவைக் கண்டு கொல்லைப்புறத்தில் எறிந்தால், அவ்வெறிதலே அப்பூச்சிக்குப் புதிய நாட்டிற் குடியுரிமை வழங்கிவிடுகின்றது. ஒரே பழத்திற் பல முட்டைகள் இருப்பதால் ஆணும் பெண்ணும் ஒருங்கே வந்துசேர்கின்றன. எனவே 'ஒரு பழந்தானே' என்னும் வாதம் உயிரியலிற் செல்லாது. வெட்டிப் பாராமல் உள்ளே முட்டை உண்டா என அறிய அதிகாரிக்கு வழியில்லை. வெட்டினாற் பழம் மிஞ்சுவதுமில்லை.

இது வெறும் ஊகமன்று. 2003இல் கென்யாவில் ஒரு பழ ஈ முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் பெறப்பட்ட மாதிரிகளைக் கொண்டு 2005இல் அது புதிய இனமென விவரிக்கப்பட்டது. பின்னர், 2015இல், அது கீழைத்தேயப் பழ ஈயே என நிறுவப்பட்டது. நமது உபகண்டப் பகுதியிலிருந்தே அது சென்றதெனக் கருதப்படுகின்றது. சில ஆண்டுகளுக்குள் சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகள் பலவற்றில் அது பரவியது. 2014இற் கென்யா, ஐரோப்பிய ஒன்றியத்துக்கான தனது மாம்பழ ஏற்றுமதியைத் தானே நிறுத்திவைக்க நேர்ந்தது. 2021இலேயே அதனை மீளத் தொடங்க முடிந்தது. அவ்விடைக்காலத்திற் சந்தையை இழந்தோருட் பெரும்பாலோர் ஒருபோதும் விமானத்தில் ஏறியிராத சிறு விவசாயிகள் என்பதை நாம் மறத்தலாகாது.

பழம் ஈரமுள்ளது, உலர்ந்த அரிசிக்கு ஏன் தடை என்று கேட்கலாம். உபகண்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்டதெனக் கருதப்படும் கப்ரா வண்டே இதற்குக் காரணமாகும். சில மில்லிமீற்றர் நீளமே உடைய இதன் குடம்பி அரிசி, பருப்பு, மிளகாய், வாசனைத் திரவியங்கள் ஆகியவற்றில் வாழ்வது. உணவு கிட்டாதபோது சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் புகுந்து உறங்குநிலையில் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழவல்லது. 1953இற் கலிபோர்னியாவின் தானியக் களஞ்சியங்களில் இது கண்டறியப்பட்டது. முற்றாக ஒழிக்க 1966 வரை சென்றது. செலவு ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டொலர். 2011இல் ஐக்கிய அமெரிக்கா, இவ்வண்டு காணப்படும் இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருதலைத் தடைசெய்தமை இதன் தொடர்ச்சியே.

இங்குதான் எல்லைப் பரிசோதனையின் அடிப்படைத் தருக்கம் புலப்படுகின்றது. பறிக்கப்படும் பழத்தின் பெறுமதி சிறிது. அது பயணியின் இழப்பு. தப்பிச்செல்லும் பீடையின் விலையோ பெரிது, பெரும்பாலும் மீட்கவியலாதது, அது பிறரின் இழப்பு. 1980 முதல் 1982 வரை கலிபோர்னியாவில் மத்தியதரைப் பழ ஈயை ஒழிப்பதற்கு ஏறத்தாழ 10 கோடி டொலர் செலவாயிற்று. வீட்டுத் தோட்டங்களின் பழங்கள் மரங்களிலிருந்து பிடுங்கப்பட்டன. குடியிருப்புகளின் மேல் உலங்குவானூர்திகள் பூச்சிகொல்லியைத் தெளித்தன. எல்லையிற் செய்யாது விட்டதை ஊருக்குள் நஞ்சு கொண்டு செய்யவேண்டியதாயிற்று.

கடையிலுள்ள பிறநாட்டு மாம்பழம் பற்றிய வினாவுக்கும் இப்போது விடை கூறலாம். அப்பழம் பதிவுசெய்யப்பட்ட தோட்டத்திலிருந்து வருகின்றது. பெறும் நாட்டின் விதிக்கேற்ப வெந்நீரில் அமிழ்த்தியோ, நீராவி வெப்பத்தாலோ, கதிர்வீச்சினாலோ அதனுள் இருக்கக்கூடிய முட்டைகளும் குடம்பிகளும் செயலிழக்கச் செய்யப்பட்டுள்ளன. ஏற்றுமதி நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் அதனுடன் செல்கின்றது. தாயின் பொதியிலுள்ள பழம் சுவையிற் குறைந்ததன்று; அதன் பின்னே இத்தகைய சான்று இல்லை என்பதே வேறுபாடாகும். நன்கு சமைத்த பலகாரங்கள் பெரும்பாலும் அனுமதிக்கப்படுவதும் வெப்பம் உயிரை அழித்துவிடுகின்றது என்னும் இதே காரணத்தினாலாகும்.

எனினும், பயணியே முழுக் குற்றவாளி எனக் கொள்வது வரலாற்றுக்கு முரணானது. பிலொக்சராவைக் கடல்கடத்தியது நாற்று வாணிகம். 1996இல் நியூயோர்க்கிற் கண்டறியப்பட்ட ஆசிய நீள்கொம்பு வண்டு, சரக்குகளைப் பொதிசெய்த மரப்பெட்டிகளிலே வந்ததாகும். மரப்பொதிகளுக்கான சர்வதேச நியமம் 2002இலேயே உருவாயிற்று. பெருவாணிகத்தின் கொள்கலன்களுக்குக் காட்டும் கண்டிப்பு, ஏழைப் பயணியின் பைக்குக் காட்டும் கண்டிப்புக்குக் குறையாததாக இருத்தல் வேண்டும். அன்றியும், தடைக்கான காரணம் பயணிக்கு விளங்கும் மொழியிற் புறப்படுமுன்னரே கூறப்படல் வேண்டும். விளக்கமின்றிப் பறிப்பது அவமதிப்பாகவே உணரப்படும். அவமதிக்கப்பட்டவர் அடுத்தமுறை மறைத்துக் கொண்டுசெல்வார். மறைக்கப்பட்ட பழமே எல்லாவற்றினும் ஆபத்தானது.

ஆதலால் நாம் செய்யத்தக்கது தெளிவு. உணவுப்பொருளை மறைக்காது அதிகாரியிடம் அறிவித்தல் வேண்டும். அறிவித்த பொருள் எடுக்கப்பட்டாலும் பொதுவாகத் தண்டம் விதிக்கப்படுவதில்லை. திரும்பி வரும்போதும் இந்நெறி நமக்குரியதே. 2008இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி மத்திய அமெரிக்கப் பகுதிக்குரியது. அது நமது வீட்டுப் பப்பாசிகளைப் பட்டுப்போகச் செய்தபோது, அதற்கான ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து தருவித்தே கட்டுப்படுத்த முடிந்தது. எல்லையிற் கைவிடப்படும் ஒரு பழம், நாம் அறியாத ஒரு விவசாயியின் தோட்டத்துக்கு நாம் செலுத்தும் காப்புறுதி என்று கொள்வதே தகும்.