பேட்டரி மேல பழி போடாதீங்க... வயரைப் பாருங்க!

ஜூன் 14 நள்ளிரவோடு தமிழகத்தின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுக்குக் கடனோ உடனோ வாங்கி டீசல் நிரப்பியாகிவிட்டது, ஐஸ் ஏற்றியாகிவிட்டது, வலையும் தயார். சாவியைத் திருப்பினால் இன்ஜின் பக்கமிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

துறைமுகத்திலேயே இப்படி ஆனால் அது அதிர்ஷ்டம். பக்கத்துப் படகிலிருந்து பேட்டரியைத் தூக்கிவந்து கிளப்பிவிடலாம். அதே 'டிக்' முப்பது கடல் மைல் தள்ளி, நடுராத்திரியில் கேட்டால் கதை வேறு. சாதாரண டீசல் இன்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால், தொடர்ந்து ஓடுவதற்குப் பேட்டரி தேவையில்லை. அதனால் பேட்டரி சாகக் கிடப்பது ஓட்டத்தில் தெரியவே தெரியாது. விசிறியில் வலை சுற்றிக்கொண்டது என்று இன்ஜினை நிறுத்தி, வலையை எடுத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பும்போதுதான் தெரியும். பெரிய இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்பவும் முடியாது. கூடவே வயர்லெஸ், ஜிபிஎஸ், விளக்கு எல்லாம் மங்கும். ராமேஸ்வரம் பக்கத்துப் படகாக இருந்தால் இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும். அங்கே இலங்கையுடனான கடல் எல்லை வெகு அருகில். நின்றுபோன படகு நீரோட்டம் இழுக்கும் பக்கம்தான் போகும்.

இதற்குப் பயந்தே பலரும் உடனே புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். பத்தாயிரத்துக்கு மேல் செலவு. இரண்டு மாதத்தில் அதுவும் படுத்துவிடும். "கம்பெனி சரியில்லை" என்று அடுத்த கம்பெனிக்குப் போவார்கள். பாவம், பேட்டரி என்ன செய்யும்? டைனமோ கொடுப்பது அதற்கு வந்து சேர்ந்தால்தானே!

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். இன்ஜினை நிறுத்தி, எல்லா சுவிட்சையும் அணைத்து, சில மணி நேரம் கழித்து பேட்டரியில் வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. (24 வோல்ட் படகுக்கு எல்லா அளவையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.) இப்போது இன்ஜினைக் கிளப்பி, கொஞ்சம் வேகம் கொடுத்து, மறுபடி அதே இடத்தில் பார்க்க வேண்டும். 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் ஏற வேண்டும். பேட்டரி ரொம்ப இறங்கிப்போயிருந்தால் ஆரம்பத்தில் குறைவாகத்தான் காட்டும். அரை மணி நேரம் ஓடவிட்டும் ஏறவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம்.

அடுத்த அளவுதான் முக்கியம். பெரும்பாலும் இதை யாரும் எடுப்பதில்லை. இன்ஜின் ஓடும்போதே, கையும் வயரும் பெல்ட்டில் மாட்டாமல், மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவிலிருந்து கரண்ட் வெளியே வரும் போல்ட்டில் வைத்துப் பாருங்கள். அங்கே 14.2, பேட்டரியில் 13.2 என்று வைத்துக்கொள்வோம். டைனமோவும் நன்றாக இருக்கிறது, பேட்டரியும் நன்றாக இருக்கிறது. நடுவில் ஒரு வோல்ட் காணாமல் போகிறது!

கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் 13.2 வோல்ட்டில் பேட்டரி முழுசாக நிறையாது. நிறையாமலே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். இறுகிய தகடு மறுபடி கரண்டை வாங்காது. நல்ல பேட்டரி இப்படித்தான் அற்பாயுசில் போகிறது.

அந்த ஒரு வோல்ட்டைத் திருடுவது உப்பு. வயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வீட்டில் வருஷக்கணக்கில் நிற்கும், படகில் நிற்காது. உப்புத் தண்ணீர் டேப்புக்குள் புகுந்து, செம்பு இழைகளின் வழியே உறைக்குள் வெகுதூரம் ஏறிவிடும். வெளியே வயர் புதுசு போலவே இருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துக் கிடக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்கி, முனையில் லக் வைத்து அழுத்தி, அதன்மேல் சூடேற்றினால் சுருங்கும் டியூபைப் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். எர்த் பக்கத்தையும் மறக்கக் கூடாது. டைனமோ உடம்பிலிருந்து பேட்டரியின் மைனஸ் வரைக்கும் இதே சோதனைதான். பிளஸ் வயரை மூன்று தடவை மாற்றியவர்கள்கூட எர்த் போல்ட்டின் துருவைச் சுரண்டியிருக்க மாட்டார்கள்.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் இன்ஜினை நிறுத்தி, முதலில் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் கெடும். துடைத்துக் காயவைத்து, இறுக்கி மாட்டிய பிறகு வாசலின் தடவலாம். மைனஸைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

சரி, டைனமோ போல்ட்டிலேயே 14 வரவில்லை என்றால்? முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமுங்கலாம். தொளதொளவென்று இருந்தால் வழுக்கும். பெல்ட் சரியாக இருந்தால் அடுத்தது டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு. பல டைனமோக்கள் அந்த விளக்கு வழியாக வரும் சின்ன கரண்டை வைத்துத்தான் வேலையையே தொடங்கும். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்கலாம். சின்ன பல்ப் ஒன்றுக்காக டைனமோவையே கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிய கூத்தும் நடக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்குகிறதா? அப்போது கணக்கில் பிழை. செவுள் வலை விடும் படகு, வலையை விட்டு, இன்ஜினை அணைத்து, இரவெல்லாம் காத்திருக்கும். விளக்கு, வயர்லெஸ், ஜிபிஎஸ், நாலு பேரின் செல்போன் சார்ஜர், பாட்டு என்று எல்லாம் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தால் 8 மணி நேரத்தில் 80 ஆம்பியர்-ஹவர் காலி. 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் போச்சு. காலையில் இரண்டு மணி நேரம் ஓடிக் கரை சேர்வதற்குள் அது முழுசாக நிறைந்துவிடாது. லெட் ஆசிட் பேட்டரியில் கடைசி இருபது சதவிகிதம் ஏறுவதற்கே பல மணி நேரமாகும். தினமும் கொஞ்சம் கடன் மிச்சம் விழுகிறது. செல்ஃபுக்கு மட்டும் ஒரு பேட்டரி, விளக்குக்கும் பாட்டுக்கும் இன்னொன்று என்று சுவிட்ச் வைத்துப் பிரித்துவிட்டால், இரவில் என்ன எரிந்தாலும் காலையில் இன்ஜின் கிளம்பும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. இன்ஜின் ஓடும்போது, டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க பேட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஒரு நொடியில் டயோடு போய்விடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அதன் பக்கத்தில் பீடி கூடாது. உள்ளே குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், ஆசிட் ஊற்றக் கூடாது. கடல் தண்ணீர் உள்ளே புகுந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும், அதனால் பெட்டி உயரமான இடத்தில் இருக்கட்டும். மீட்டர் 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் பேட்டரி வேகிறது.

தடைக்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்தால், முழுசாக சார்ஜ் செய்து, காற்றோட்டமான திண்ணையில் வையுங்கள். அடுப்படி வேண்டாம், குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது. மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் போதும். ஆசிட் கண்ணில் தெறித்தால் நிறைய தண்ணீரால் பல நிமிடம் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இத்தனையும் மீறி நடுக்கடலில் 'டிக்' கேட்டால், ஆழம் அனுமதிக்கிற இடத்தில் உடனே நங்கூரம் போட்டு, பாட்டையும் தேவையில்லாத விளக்கையும் அணைத்து, மிச்சமிருக்கும் கரண்டை வயர்லெஸ்ஸுக்கும் படகின் அடையாள விளக்குக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். விஎச்எஃப்-ல் அவசர அழைப்புக்கு 16-வது சேனல். செல்போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554.