ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியின் மூன்றாவது வேலை

அம்பாசமுத்திரம் பக்கம் வரப்பில் ஒருவரைப் பாம்பு கடித்தாலும், நாங்குநேரி நாற்கரச் சாலையில் பைக் சறுக்கினாலும், பிரசவத்தில் சிக்கல் என்று கிராமத்து நர்ஸ் கையை விரித்தாலும் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "யோசிக்காதீங்க அண்ணாச்சி, ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போயிருங்க." திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்ற முழுப்பெயர் பெயர்ப்பலகைக்கும் டிஸ்சார்ஜ் சீட்டுக்கும்தான். பாளையங்கோட்டையில் அது இருக்கும் மேட்டுப்பகுதியின் பெயரே ஜனங்களுக்குப் போதும்.

ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்பவருக்கு அது ஒரு ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். ஆனால் அவர் உள்ளே நுழையும்போது ஒரு கல்லூரிக்குள்ளும் நுழைகிறார். நோயைக் குணப்படுத்துவது, அடுத்த தலைமுறை டாக்டர்களை உருவாக்குவது, நோயைப் பற்றிப் புதிதாக எதையாவது கண்டறிவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே இடத்தில் செய்யும் இத்தகைய அமைப்புக்கு உலக அளவில் முன்னோடியாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ். 1889-இல் மருத்துவமனை, 1893-இல் மருத்துவப் பள்ளி. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நோயாளியின் கட்டிலருகே வந்து நில்லுங்கள் என்று மாணவர்களை வார்டுக்கு இழுத்துவந்த வில்லியம் ஆஸ்லர் அங்கேதான் பேராசிரியராக இருந்தார். தமிழ்நாட்டில் அந்த வார்ப்புக்குப் பக்கத்தில் வருவது வேலூர் சி.எம்.சி. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருந்தகம், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது.

அரசுக் கல்லூரியின் கதை வேறு. கட்டடமும் சம்பளமும் சென்னையில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் பொறுப்பு. தேர்வும் பட்டமும் 1988 முதல் கிண்டியில் இயங்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கையில். பக்கத்திலேயே அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருந்தாலும் மருத்துவப் பட்டம் கிண்டியிலிருந்துதான் வரவேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் பெரும்பாலும் டெல்லியைப் பார்க்க வேண்டும். ஒரு வளாகம், மூன்று எஜமானர்கள்.

பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்த 1965-இல் இந்தக் கல்லூரி தொடங்கியது. அதற்கு முன் தமிழ்நாட்டின் தென்கோடி மருத்துவக் கல்லூரி 1954-இல் வந்த மதுரைதான். இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர். குமரிக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். தூத்துக்குடியிலும் குமரி மாவட்டத்து ஆசாரிபள்ளத்திலும் கல்லூரிகள் வந்தது 2000-ஐ ஒட்டித்தான் என்பதால், சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் தென்மாவட்டங்களின் பெரிய பாரம் முழுக்க இந்த மேட்டின்மேல் இறங்கியது. இன்று ஆண்டுக்கு 250 பேர் இங்கே எம்.பி.பி.எஸ். சேர்கிறார்கள். 2019 ஜனவரியில் சிறப்பு உயர் சிகிச்சைக்கான தனிக் கட்டடமும் திறக்கப்பட்டது.

மூன்று வேலைகளும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்க, பாம்புக்கடி கேஸ் ஒன்றே போதும். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் இருக்கும்வரை எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பு இருக்கும். கடிபட்டவர் வந்ததும் ஹவுஸ் சர்ஜன் அவர் கையிலிருந்து சுமார் 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத ஒரு கண்ணாடிக் குழாயில் விடுகிறார். 20 நிமிடம் அதை யாரும் தொடக்கூடாது. பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது. தண்ணீராக ஓடினால் விரியனின் விஷம் ஏறிவிட்டது. விஷமுறிவு மருந்து உடனே தொடங்க வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ முடிவு தப்பாகிவிடும். நல்லபாம்பு கடித்திருந்தால் இந்தக் குழாயால் பிரயோஜனமில்லை. கண்ணிமை சரிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும்.

இயந்திரம் எதுவும் வேண்டாத இந்தப் பரிசோதனை, டாக்டர் டேவிட் வாரெலும் அவரோடு இருந்தவர்களும் 1970-களில் நைஜீரியாவில் பாம்புக்கடி நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து உருவாக்கியது. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர்கள் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்த மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு மட்டுமே. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய ஒரு சின்ன விரியன் உண்டு. அதன் கடிக்கு இது கேட்காது. பொதிகை மலையடிவாரத்திலிருந்தும் நோயாளிகள் வரும் ஆஸ்பத்திரிக்கு இது ஏட்டு விஷயமில்லை.

இரவு இரண்டு மணிக்கும் வார்டில் ஆள் இருப்பதற்குக் காரணம் கற்பித்தல்தான் என்பதை நோயாளிகள் அதிகம் யோசிப்பதில்லை. ஹவுஸ் சர்ஜனும் பி.ஜி.யும் படிக்கும் பிள்ளைகள் என்பதால்தான் அங்கே இருக்கிறார்கள். படிக்க வருகிறவர்கள் யார் என்பதிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அகில இந்திய இடங்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் இந்தக் கல்லூரியில் ஆண்டுக்குச் சுமார் 16 இடங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வருகிற அரசு டாக்டர்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. கிராமத்து ஓ.பி.யைப் பார்த்த கண்ணோடு வகுப்புக்கு வருகிறவர்கள் அவர்கள்.

மூன்றாவது வேலையான ஆராய்ச்சிதான் நொண்டுகிறது. முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. கொரோனா வந்த 2020 மார்ச்சில், தமிழ்நாட்டில் முதலில் பரிசோதனை தொடங்கிய சில அரசு ஆய்வகங்களில் இங்குள்ள வைரஸ் ஆய்வகமும் ஒன்று. இல்லாவிட்டால் தென்கோடி மாதிரிகள் அறுநூறு கிலோமீட்டர் தாண்டி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்க் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் அது நெருக்கடி வந்தபோது கைகொடுத்த வேலை. நிதானமாக ஒரு கேள்வியைத் துரத்துவது வேறு.

கேள்வியும் வாசலிலேயே கிடந்தது. 2012-இல் கடையநல்லூர் வட்டாரத்தில் டெங்கு பரவி, அன்றைய நெல்லை மாவட்டம் மாநிலத்திலேயே அதிகம் அடிபட்டது. அப்போதுதான் நிலவேம்புக் குடிநீர் வீதிவீதியாக அண்டாவில் காய்ச்சிக் கொடுக்கப்பட்டது. நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு. 2017-இல் டெங்கு மறுபடி தலைதூக்கியபோது, உரிய ஆராய்ச்சி முடிவு வரும்வரை இதை வினியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தம் நற்பணி இயக்கத்தாரிடம் சொல்லப்போக, பெரிய சண்டையே நடந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சண்டையைத் தீர்க்கத் தோதான ஊர் பாளையங்கோட்டைதான். 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி, ஹைகிரவுண்டு கல்லூரியைவிட ஒரு வயது மூத்தது, இதே ஊரில் இருக்கிறது. ஒரு பக்கம் மருந்தை முறைப்படி காய்ச்சத் தெரிந்தவர்கள். இன்னொரு பக்கம் டெங்கு வார்டும் தட்டணு எண்ணும் லேபும். ஆய்வகக் குழாய்களில் செய்த சோதனைகள் வேறு இடங்களிலிருந்து வந்திருக்கின்றன. குடித்தவர், குடிக்காதவர் என்று நோயாளிகளை முறையாக ஒப்பிடும் பெரிய சோதனையை இந்த இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து செய்திருக்கலாம்.

டாக்டர்களுக்கு மனமில்லை என்று பழி போடுவது சுலபம். காலையில் ஓ.பி., பிறகு ரவுண்ட்ஸ், வகுப்பு, ஆபரேஷன், நடுவில் இடமாறுதல் கவுன்சலிங். எழுத ஆரம்பித்த ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகும் பேராசிரியரை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் விவரம் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் தீசிஸ் எழுதியாக வேண்டும். அவை கிண்டிப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. சிக்கல் என்னவென்றால், தேர்வு முடிந்ததும் அந்தக் கேள்வியும் முடிந்துவிடுகிறது, அடுத்த பி.ஜி. வேறு தலைப்பில் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறார். பாம்புக்கடிக்கென்று ஒரு நிரந்தரப் பதிவேடு, எந்த ஊர், எந்தப் பாம்பு, எத்தனை குப்பி மருந்து, சிறுநீரகம் என்ன ஆயிற்று என்று அதை நிரப்பச் சம்பளத்துக்கு ஓர் ஆள், இவ்வளவும் ஒரு ஸ்கேன் மெஷின் விலைக்கு முன்னால் ஒரு செலவே இல்லை. கட்டடத்துக்குக் கிடைக்கிற திறப்பு விழா பதிவேட்டுக்குக் கிடைக்காது என்பதுதான் அதில் உள்ள ஒரே குறை.