பக்கத்து வீட்டு வேதம்: பைபிளில் என்ன இருக்கிறது?

ஏலக்காய் எடுப்புக் காலத்தில் விடிந்தும் விடியாத நேரத்திலேயே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறத் தொடங்கிவிடும். நெற்றியில் குங்குமம் வைத்தவர், கழுத்தில் சிலுவை போட்டவர், தலையில் முக்காடு போட்டவர் எல்லோரும் ஒரே ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து தோட்டத்துக்குப் போவார்கள். ரமலானில் நம் வீட்டு நோன்புக் கஞ்சி அடுத்த வீட்டுக்குப் போகிறது. டிசம்பரில் அங்கிருந்து கேக் வருகிறது.

இவ்வளவு பழகியும் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் வேதத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு. "அத்தா, பைபிள்தானே இன்ஜீல்?" என்று பிள்ளை கேட்டால், "ஆமா, ஆனா அதை மாத்திட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரியைப் பிள்ளை வகுப்பில் போய்ச் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழனின் முகம் வாடும். பதிலுக்கு அவன் ஒன்று கேட்டால் நம் பிள்ளையிடம் மேற்கொண்டு சொல்ல எதுவும் இருக்காது. எனவே, அந்த வேதத்தின் பகுதிகளை முதலில் சரியாகத் தெரிந்துகொள்வோம்.

ஒரு நூல் அல்ல, பல நூல்கள்

பைபிள் என்ற பெயரே 'நூல்கள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குர்ஆன் ஒரே நபிக்கு ஏறத்தாழ 23 ஆண்டுகளில் அருளப்பட்டது. பைபிளோ பல நூற்றாண்டுகளில் பலர் எழுதிய நூல்களின் தொகுப்பு. அவர்கள் இறைத்தூண்டுதலால் எழுதினார்கள் என்பது கிறித்தவர்களின் நம்பிக்கை. வரலாறு, சட்டம், பாடல், பழமொழி, கடிதம் எனப் பலவகை எழுத்தும் அதில் உண்டு.

இதற்கு இரண்டு பெரும் பிரிவுகள்: பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு. இங்கே ஏற்பாடு என்றால் உடன்படிக்கை. இறைவன் இஸ்ரவேலருடன் செய்த உடன்படிக்கை பழையது, இயேசுவின் வழியாகச் செய்தது புதியது என்று அவர்கள் நம்புகிறார்கள்.

பழைய ஏற்பாடு

இதன் பெரும்பகுதி எபிரேய மொழியிலும் சிறு பகுதிகள் அரமேய மொழியிலும் எழுதப்பட்டவை. யூதர்களின் வேதமும் இதுதான். புரோட்டஸ்டண்ட் பைபிளில் இதற்கு 39 நூல்கள்.

முதல் ஐந்து நூல்கள் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். இவற்றை யூதர்கள் தோரா என்கிறார்கள். நாம் தவ்ராத் என்று சொல்லும் சொல்லும் அதுவே. ஆதம், நூஹ், இப்ராஹீம், யூஸுஃப், மூஸா (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகியோரின் வரலாறுகள் இங்கேதான் வருகின்றன. அடுத்து 12 வரலாற்று நூல்கள், யோபு (நாம் சொல்லும் அய்யூப்), சங்கீதம் உள்ளிட்ட 5 கவிதை நூல்கள், இறுதியாக 17 தீர்க்கதரிசன நூல்கள். சங்கீதத்தில் 150 பாடல்கள் உள்ளன. அவற்றில் பல தாவூத் (அலை) பெயரில் இருப்பதால் ஸபூரை நினைவூட்டுபவை.

புதிய ஏற்பாடு

இதில் 27 நூல்கள். எல்லாமே கிரேக்க மொழியில் கிடைப்பவை. இயேசு பேசியது அரமேய மொழி.

முதல் நான்கும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் பெயரிலான சுவிசேஷங்கள். சுவிசேஷம் என்றால் நற்செய்தி. இன்ஜீல் என்ற சொல்லின் வேரும் அதே பொருள் தரும் கிரேக்கச் சொல்தான். முதல் மூன்றும் பெரிதும் ஒத்துப்போகும், நான்காவது நடையிலும் செய்தியிலும் தனித்து நிற்கும். கிறிஸ்துமஸ் நாடகத்தில் பிள்ளைகள் பார்க்கும் பிறப்பு வரலாறு மத்தேயுவிலும் லூக்காவிலும் மட்டுமே உள்ளது. இந்த யோவானை யஹ்யா (அலை) என்று நினைத்துவிடக் கூடாது. யஹ்யா நபியை அவர்கள் யோவான் ஸ்நானகன் என்பார்கள், அவர் வேறு.

ஐந்தாவது நூல் அப்போஸ்தலருடைய நடபடிகள், சீடர்களின் வரலாறு. பிறகு 21 கடிதங்கள். அவற்றில் 13 பவுலின் பெயரைத் தாங்கியவை. கடைசி நூல் வெளிப்படுத்தின விசேஷம். பவுலின் கடிதங்கள் சுவிசேஷங்களுக்கு முன்பே எழுதப்பட்டவை என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. இன்றுள்ள இதே 27 நூல்களும் ஒரு பட்டியலாக, கி.பி. 367-ல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில் காணப்படுகின்றன.

"பன்றி இறைச்சி கூடாது என்று அவங்க வேதத்திலும் இருக்காமே?" என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. இருக்கிறது, லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தில். ஆனால் நடபடிகள் 10, 15 அதிகாரங்களை வைத்து, அந்தச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று பெரும்பாலான கிறித்தவர்கள் கொள்கிறார்கள். பழையதைப் புதியதன் வழியாகப் படிப்பது அவர்கள் முறை. இது தெரியாமல் ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாதிடுவது பயன் தராது.

ஒரே ஊரில் இரண்டு பைபிள்

மதுரைப் பகுதிக்கு 1606-ல் கத்தோலிக்கப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி வந்தார். 1834-ல் புரோட்டஸ்டண்ட் அமெரிக்க மிஷன் வந்தது. அதனால் ஆர்.சி. கோயிலுக்குப் போகும் வீட்டு வேதமும் சி.எஸ்.ஐ. சர்ச்சுக்குப் போகும் வீட்டு வேதமும் ஒன்றுபோல் இருக்காது. புரோட்டஸ்டண்ட் பைபிளில் மொத்தம் 66 நூல்கள், கத்தோலிக்க பைபிளில் 73. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற ஏழு நூல்கள் பழைய ஏற்பாட்டில் கூடுதல். பெயர்களும் மாறும். 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ஆதியாகமம் தொடக்கநூலாகவும் சங்கீதம் திருப்பாடல்களாகவும் வரும்.

தமிழில் அச்சான தொடக்ககால நூல்களில் புதிய ஏற்பாடும் ஒன்று. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பு அங்கேயே 1715-க்குள் அச்சாகி முடிந்தது.

நம் நிலை என்ன?

மூஸாவுக்குத் தவ்ராத், தாவூதுக்கு ஸபூர், ஈஸாவுக்கு இன்ஜீல் (அலைஹிமுஸ்ஸலாம்) அருளப்பட்டன என்று நம்புவது நம் ஈமானின் பகுதி. அவை இன்று அப்படியே இல்லை, மனிதர்களின் கை புகுந்திருக்கிறது என்பதும் நம் நம்பிக்கை. இன்ஜீல் என்று நாம் சொல்வது ஈஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட வேதத்தை. இயேசுவுக்கு ஒரு நூல் இறங்கியதாகக் கிறித்தவர்கள் சொல்வதில்லை. இயேசுவே இறைவனின் வார்த்தை, நான்கு சுவிசேஷங்களும் அவரைப் பற்றிய சாட்சிகள் என்பதே அவர்கள் நம்பிக்கை. ஆகவே பிள்ளையின் கேள்விக்குச் சரியான பதில், "இல்லைம்மா, இரண்டும் ஒன்றல்ல" என்பதுதான்.

சுவிசேஷங்கள் நான்கும் சிலுவை மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் நோக்கியே செல்கின்றன. ஈஸா (அலை) கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை என்று குர்ஆன் (4:157) சொல்கிறது. இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லும் முறையில்தான் கவனம் வேண்டும்.

மதீனாவில் யூதர்கள் தவ்ராத்தை எபிரேயத்தில் ஓதி முஸ்லிம்களுக்கு அரபியில் விளக்கி வந்தார்கள். அவர்கள் சொல்வதை உண்மை என்றும் ஏற்க வேண்டாம், பொய் என்றும் தள்ள வேண்டாம், இறைவன் அருளியதை நம்புகிறோம் என்று சொல்லுங்கள் என நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. வேதக்காரர்களுடன் அழகிய முறையிலேயே விவாதிக்க வேண்டும் என்பது குர்ஆனின் (29:46) கட்டளை.

அடுத்த முறை பிள்ளை கேட்கும்போது ஒரு வரியில் முடித்துவிடாமல் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவோம். அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்வோம். பிறகு நாம் என்ன நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்பதைச் சொல்வோம். இன்ஷா அல்லாஹ், அந்தப் பிள்ளை தன் ஈமானில் தெளிவாகவும் இருக்கும், பக்கத்து இருக்கைத் தோழனையும் இழக்காது.